மாலை வெயிலில் ஒரு பாதம்

முந்தாநாள் அனுப்பின படத்துல இந்தக் கருப்பே இல்லீங்களே என்று டாக்டர் சொன்ன அந்த ஒரு வரிதான் வசந்தாமணியின் காதில் நின்றது. அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் எங்கேயோ சிதறிக் கிடந்தன, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தால்தான் அர்த்தமாகும் போலிருந்தது. கட்டுப் பிரிக்கும் அறைக்கு வெளியே, சுவரோடு முடுக்கி வைத்த இரும்பு நாற்காலிகளில் கடைசி நாற்காலி அவளுடையது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் வலது காலை நீட்டிப் படுத்திருக்கிறார். கோபியிலிருந்து சத்திக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கண்டக்டர். இன்றைக்கு அவர் இங்கே வந்தது வைத்தியத்துக்கே அல்ல. திங்கட்கிழமையிலிருந்து வண்டி ஏறலாம் என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தார். அதற்காகவே காலையில் சவரம் செய்து, காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். ஏனுங் மாமா, ஆஸ்பத்திரிக்கு எதுக்குங் யூனிபாரம் என்று அவள் கேட்டதற்கு, டாக்டரு பாத்த ஒடனே தெரியோணும் புள்ள, ஆளு ரெடின்னு, என்றார். டாக்டர் சட்டையைப் பார்க்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்து, கையுறையைக் கழற்றிவிட்டு இவளை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். “இப்பிடி உக்காருங்கம்மா. பெருவிரலும் பக்கத்து விரலும் செத்துப்போச்சுங்க. கருப்பு பாதத்துக்குள்ள எறங்கியிருக்குது. காய்ச்சல் இல்ல, வீக்கமும் பெருசா இல்ல, அதுதான் எனக்கு ஒத்து வரல. ஆனா முந்தாநாள் அனுப்பின படத்துல இந்தக் கருப்பே இல்லீங்களே. ரெண்டே நாள்ல இவ்வளவு தூரம் ஓடியிருக்குதுன்னா அத நம்பி வெச்சிருக்க முடியாதுங்க, உசுருக்கு ஆபத்து. முழங்காலுக்குக் கீழ எடுத்தர்றதுதான் நல்லது. மயக்கம் குடுக்கற டாக்டரு வந்துட்டிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.” இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது சரிங்க என்பது மட்டும். எதற்குத்தான் அவள் சரிங்க சொல்லாமல் இருந்திருக்கிறாள், துணிக்கடைக்காரன் விலை சொன்னாலும் சரிங்க, காலை வெட்டுகிறேன் என்றாலும் சரிங்க. டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்போன் மடியில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் திறக்கத் தோன்றும், திறந்தால் அந்தப் படங்கள் வந்து நிற்கும். எதிர்ச் சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர், அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தைக்கும் கன்னம் இப்படி இருக்காது, நிழலைத் தூக்கிவிட்டு மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள் என்று மனசு தன்பாட்டுக்கு எடை போட்டது. இந்த நேரத்திலும் இதைப் பார்க்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று அவளுக்கே அவள்மேல் அருவருப்பு வந்தது. பழக்கம், வேறென்ன சொல்ல. வீட்டில் ரவிக்கை தைக்கிறாள், ஆரி வேலை செய்து தைத்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால்தான் ஆள் வருகிறது. ஆரம்பத்தில் ட்யூப் லைட்டில் எடுத்த படங்களில் பட்டு ரவிக்கைகூடத் துவைத்துப் போட்ட சாக்கு மாதிரி இருக்கும். அப்போதுதான் யூடியூபில் ஒருத்தி அகப்பட்டாள், முகம் காட்ட மாட்டாள், குரல் மட்டும்தான். எடிட்டிங் எல்லாம் நீங்க கத்துக்க வேண்டியதில்ல அக்கா, நான் பிரீசெட் செஞ்சு வெச்சிருக்கேன், கீழ லிங்க் இருக்கு, காசு வேண்டாம், ஒரு தட்டு தட்டுனாப் போதும் என்றாள். பிரீசெட் என்றால் வேறொன்றும் இல்லை, யாரோ ஒருத்தி தன் படத்துக்கு இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு நிழல், இந்த நிறம் என்று அளந்து வைத்த பக்குவம், அதை எடுத்து நம் படத்தின்மேல் அப்படியே கவிழ்த்துக்கொள்ளலாம். பனிக்காலை, காபிக்கடை, பழைய ஆல்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். வசந்தாமணிக்குப் பிடித்தது மாலை வெயில். அதைத் தட்டினால் சிவப்பெல்லாம் தேனாகும், வெள்ளையெல்லாம் வெண்ணெயாகும், கருப்பு கருப்பாகவே இருக்காது, மெதுவாக வெளுத்துப் பழுப்பில் போய் நிற்கும். ஒரு டீச்சரம்மா வந்து சண்டை பிடித்தது ஞாபகம் வந்தது, வராமல் இருக்கக் கூடாதா, வந்தது. ஏனம்மிணி, படத்துல காப்பிப்பொடிக் கலர்ல இருந்துச்சுன்னுதான அதே துணியில எனக்கும் வேணும்னேன், இது அட்டக் கருப்பால்ல இருக்குது என்று ரவிக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசந்தாமணி சிரித்தாள். மாலை வெயிலு கருப்பத் தின்னுருமுங் டீச்சர் என்றாள். சொன்னது அவள் வாய்தான். தீபாவளிக்கு முன்னால், காயமெல்லாம் வருவதற்கு முன்னால், அவளே சொன்னாள். தெரியாது என்று இப்போது யாரிடம் சொல்ல முடியும்? தெரியாது என்று சொன்னால் அந்த டீச்சரம்மா இந்த நடைபாதையில் வந்து நின்றுவிடுவாள் என்று தோன்றியது.

ஸ்பிரிட் வாசனைக்கு நடுவில் கீழே கேன்டீனில் வடை வேகிற வாசனையும் வந்தது, வயிறு அதற்கும் ஆசைப்பட்டது, காலையில் இருவரும் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தார்கள். ரத்தம் எடுப்பாங்க, வெறும் வயித்துல போவோம், டாக்டரு மெச்சிக்குவாரு என்று அவர்தான் சொன்னார். டாக்டர் மெச்ச வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை. சர்க்கரை இருக்கிறவர்கள் செருப்புப் போடக் கூடாது, மூடின ஷூ போட வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு, பஸ் ஸ்டாண்டில் மற்ற கண்டக்டர்களெல்லாம் கிண்டல் செய்தபோதும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனார். அந்த ஷூதான் காலை வாங்கியது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று விழுந்தது. தோல்பையிலிருந்து எப்போதோ நழுவி உள்ளே போயிருக்கிறது, எத்தனை நடை அதன்மேல் நின்றாரோ, சர்க்கரையில் மரத்துப்போன காலுக்குத் தெரியவே இல்லை. என்ற காலே உண்டியலாயிருச்சு பாரு புள்ள என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பெருவிரலுக்குக் கீழே வட்டமாக ஒரு தடம், காசின் விளிம்பு வரைக்கும் பதிந்திருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய உள்ளங்காலை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் அந்த வட்டம் சீழ் கட்டியது, இங்கே கொண்டுவந்து கீறிச் சுத்தம் செய்தார்கள், தினமும் வீட்டிலேயே கட்டு மாற்றச் சொல்லி நர்ஸ் கற்றுக்கொடுத்தாள், தினம் ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் போடுங்கள், அலைய வேண்டாம், நானே பார்த்துச் சொல்கிறேன் என்று டாக்டர் நம்பர் கொடுத்தார். நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சென்னியப்பனுக்குக் காயத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தொப்பையை மடக்கிக் குனிய முடியவில்லை. ரவிக்கை போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த கண்ணாடியைத் தரையில் சாய்த்துப் பிடித்தாள். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுல தெரியறது எலும்பா புள்ள என்று ஒரு தடவை கேட்டார், அப்புறம் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் கண்ணாடி வேண்டாம் என்றார், போட்டோ எடுத்துக் காட்டு போதும் என்றார். எடுத்தாள். ட்யூப் லைட்டில் எடுத்த அந்தக் காலை அவளாலேயே பார்க்க முடியவில்லை, இதை எப்படி அவரிடம் நீட்டுவது என்று நின்றாள், விரல் தன் பழக்கத்துக்குப் போய் மாலை வெயிலைத் தட்டியது. தட்டினதும் புண்ணெல்லாம் தேன் நிறமாகி, கால் ஏதோ பூஜைக்கு வைத்ததுபோல ஆகிவிட்டது. அட, பரவால்லியே, என்றார் சென்னியப்பன். நாலு தோசை சாப்பிட்டார். அந்த நாலு தோசைதான் அவளைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வெறும் படத்தை அவருக்குக் காட்டும் தைரியம் அவளுக்கு ஒரு நாளும் வரவில்லை.

ஆனால் அது அவருக்கு. டாக்டருக்கு அல்ல. டாக்டருக்கு முதல் சில நாள் அவள்தான் அனுப்பினாள், எதையும் பூசாத படத்தைத்தான் அனுப்பினாள், அது சாமி சத்தியம். அப்புறம் அவர், என்ற போனுக்கே அனுப்பிரு புள்ள, நான் டாக்டருக்குத் தள்ளிவிட்டுக்கறேன், சும்மாதான உக்காந்திருக்கறேன் என்றார். பஸ்ஸில் நிற்க நேரமில்லாமல் இருந்த மனுஷர் கட்டிலில் கிடந்தார், அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. சரிங் என்றாள். அதோடு படம் ஒன்றாகிவிட்டது. அவள் போனிலிருந்து அவர் போனுக்கு, அவர் போனிலிருந்து டாக்டருக்கு. இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரியும். டாக்டருக்குப் போட்டுட்டேன் என்று கட்டிலில் இருந்தபடி அவர் கத்திச் சொன்னபோது அவள் அடுப்படியில் இருந்தாள், கை முழங்கை வரைக்கும் மாவில் இருந்தது, ம் என்றாள். அந்த ம்மைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. அந்த ம்முக்குள் என்ன இருந்தது? எந்தப் படத்தைப் போட்டீங் என்று கேட்க வந்த வாய் ஏன் ம் என்று மூடிக்கொண்டது? கேட்க வந்ததா, இல்லை இப்போது அவளாகச் சேர்த்துக்கொள்கிறாளா? மாவு பொங்கி வழியும் போல இருந்தது, அதனால் கேட்கவில்லை. இல்லை, கேட்டால் அவர், ஏன், படத்துல என்ன, என்பார், அப்புறம் பூசினதைச் சொல்ல வேண்டும், அப்புறம் தோசை இறங்காது, அதனால் கேட்கவில்லை. இல்லை, அவ்வளவு தூரமெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை, வெறும் ம்தான், வீட்டில் நாளைக்கு நூறு தடவை சொல்கிற ம். அப்படியென்றால் அது ஏன் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது? நாள் தவறாமல் அவர் சொன்னார், நாள் தவறாமல் அவள் ம் சொன்னாள். கருப்பை அவள் கண்ணால் பார்க்காமல் இருந்தாளா என்றால் அதுவும் இல்லை, கட்டு மாற்றுகிறவள் அவள்தானே. முதலில் நகக்கண் ஓரமாக மை தொட்டதுபோல ஒன்று. பஞ்சால் துடைத்தாள், போகவில்லை. ஏனுங் மாமா, டாக்டரு என்ன சொன்னாருங் என்று போய்க் கேட்டாள். கட்டைவெரலக் காட்டிட்டாரு புள்ள, நல்லாருக்குதாமா, என்று போனைத் தூக்கிக் காட்டினார். மஞ்சளாக ஒரு கட்டைவிரல் படம் அதில் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. புண் காய்ந்தால் கருக்கும், பொருக்குத் தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள், டாக்டரே பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகு ரவிக்கை தைக்கிறவள் என்ன கண்டுவிட்டாள். அவள் பூசிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் நல்லாயிருக்கிறது என்றார், டாக்டர் நல்லாயிருக்கிறது என்றதால் அவள் தன் கண்ணை நம்பாமல் விட்டாள். அவள் பொய் சுற்றி வந்து அவளையே ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் சிரிக்கிறார். நர்ஸிடம் ஏதோ கேலி பேசுகிறார் போல. முழங்கால் விஷயம் அவரிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்த வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை. விரல் எப்படியும் போகப் போகிறது. கால் போனால் சர்க்கரையால் போனது, ஊரில் எத்தனை பேருக்குப் போகவில்லை? படங்களை அழித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. டாக்டரும் முந்தாநாள் நல்லாத்தான் இருந்தது என்றுதான் கடைசி வரைக்கும் சொல்வார். அவள் அழுதால் ஊரும் கூட அழும். சொன்னால்? சொன்னால் சென்னியப்பனுக்குத் தெரியும். அவர் கத்துவார் என்றால் தாங்கிக்கொள்ளலாம், அவர் கத்துகிற ஆள் இல்லை. ஒருமுறை பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் டிரைவர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துவிட்டார், கொடிவேரிப் பிரிவில் ஒரு ஆட்டோவில் போய் முட்டி நின்றது, யாருக்கும் பெரிதாக அடியில்லை. தெரிஞ்சே எப்பிடிய்யா ஜனத்த ஏத்துனே என்று சென்னியப்பன் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அப்புறம் அந்த டிரைவர் வேலையை விட்டுப் போகிற வரைக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரே வண்டியில், தினமும், விசில் மட்டும். தெரிஞ்சே. அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொல்வதுபோல நினைத்துப் பார்த்தாள். விசில் என்றதும் படிக்கட்டு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் போக அவர் வண்டியிலேயே ஏறுவாள். கம்பியைப் பிடிக்க மாட்டார், படியில் ஒற்றைக் காலை ஊன்றி, இன்னொரு காலைச் சும்மா தொங்கவிட்டு, வளைவில் வண்டி சாய்கிற பக்கமே தானும் சாய்ந்து நிற்பார். ஊன்றி நிற்பது எப்போதும் வலது கால்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்வார், பைத்தியக்கார மனுஷர். அந்தக் காலுக்குக் கீழே பாதம் இல்லாமல், முழங்காலுக்கு அப்பால் கால்சட்டைத் துணி மட்டும் ஆடுவதாக ஒரு காட்சி வந்தது, அவள் கண்ணை இறுக்கி மூடினாள், மூடினாலும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமைக்காகப் போட்ட இஸ்திரி இன்னும் மடிப்புக் கலையாமல் அவர் முதுகில் இருக்கும்.

கண்ணை மூடியிருந்தபோதுதான் டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. காய்ச்சல் இல்ல. வீக்கம் பெருசா இல்ல. ஒத்து வரல. ரெண்டே நாள்ல ஓடியிருக்குது. ரெண்டு நாளில் எங்கே ஓடியது? அவளுக்குத் தெரியும், அது ஓடவில்லை. நகக்கண்ணில் அது வந்து உட்கார்ந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது, துணி காயவில்லை என்று கட்டுத்துணியை இஸ்திரி போட்டுக் காய வைத்தாள், அந்த மழையெல்லாம் விட்டு வெகு நாள் ஆயிற்று. மெதுவாக, நத்தை நகர்கிறதைப்போல, அது விரலைக் கடந்து அடுத்த விரலுக்குப் போய் அப்புறம்தான் பாதத்தில் இறங்கியது. ஒவ்வொரு நாளும் அவள் கையாலேயே அதைக் கழுவினாள். டாக்டர் பயப்படுகிற அந்த வேகம் கருப்புக்குக் கிடையாது, அவள் தட்டின ஒரு தட்டில்தான் அது உண்டானது. இல்லாத வேகத்துக்குப் பயந்து அவர்கள் இருக்கிற காலை வெட்டப் போகிறார்கள். இது விளங்கியதும் அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும், கதைகளில் அப்படித்தான் ஓடுவார்கள். அவள் ஓடவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். விளங்குவது வேறு, எழுந்திருப்பது வேறு. இதைச் சொல்லியும் கால் போய்விட்டால்? காலும் போய், அவரும் பேசாமல் போய்விட்டால்? நர்ஸ் ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தவள், மயக்க டாக்டரு கார் கீழ வந்துருச்சுங்கக்கா, முடிவு பண்ணிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். வசந்தாமணி போனை எடுத்தாள். எடிட்டிங் ஆப்பில் எல்லாப் படமும் வரிசையாக இருந்தது, தேன் நிறக் கால்கள், எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் அழகாக. படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூசாத படம் தெரியும், விரலை எடுத்தால் மறுபடி மறைந்துவிடும். ரவிக்கைப் படங்களில் எத்தனையோ தடவை இப்படிப் பார்த்துத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கருப்பு வந்து நின்றது. முழுசாக, பாதம் வரைக்கும், அப்படியே இன்றைக்கு இருக்கிற கருப்பு. அதற்கு முந்தின நாள் படத்தை அழுத்தினாள், அதிலும் இருந்தது, ஒரு நூல்தான் குறைச்சல். அழிக்க வேண்டும் என்றால் இப்போதே அழிக்கலாம், குப்பைத்தொட்டிக் குறி விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. படிக்கட்டில் ஷூச் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள், ஒரு கால் மரத்துப் போயிருந்தது, மரத்த காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படுக்கையிலிருந்து சென்னியப்பன், “என்ன அம்மிணி, மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது?” என்றார். அவரைப் பார்க்காமல் அவள் டாக்டரிடம் போனை நீட்டினாள். “டாக்டருங்க, அந்தப் படம் நெசமில்லீங். நான் அதுமேல ஒண்ணு போட்டு அழகு பண்ணீட்டனுங். மாமா சாப்பிட மாட்டீங்கறாருன்னு செஞ்சனுங். அதத்தான் அவரு உங்களுக்கு அனுப்பியிருக்காரு.” டாக்டருக்குப் புரியவில்லை. “அழகுன்னா?” என்றார். அவள் விரலை அழுத்தினாள். நடுக்கத்தில் விரல் நிற்கவில்லை, தேன் நிறமும் கருப்பும் மாறி மாறி வந்தன. “விரல எடுத்தா மறைஞ்சுருமுங், இருங்க” என்று இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் குனிந்தார். “எல்லா நாள் படமும் இப்பிடி இருக்குதா?” “எல்லாம் இருக்குதுங்.” அவர் போனை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். ஒவ்வொன்றாகத் தள்ளி, அழுத்தி, தள்ளி, அழுத்திப் பார்த்தார். மயக்க டாக்டரும் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் டாக்டர் திரும்பி வந்து காலைத் தொட்டு, பாதத்தின் மேலே நாடியை வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார். “இது மெதுவாத்தாம்மா போயிருக்குது. இப்பத்தான் எனக்கு ஒத்து வருது. இன்னிக்கு வெட்ட வேண்டாம். ரத்தம் எது வரைக்கும் ஓடுதுன்னு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். ரெண்டு விரலும் போகும், பாதத்துல கொஞ்சம் போகலாம். முழங்கால் வரைக்கும் போக வேண்டியிருக்காதுன்னு நெனைக்கறேன், சத்தியம் பண்ண மாட்டேன்.” கதவு வரைக்கும் போனவர் நின்றார். சொல்ல வேண்டாம் என்று நினைத்துச் சொன்னது போலிருந்தது. “முன்னாலயே பாத்திருந்தா ஒரு விரலோட முடிஞ்சிருக்கும்மா.” அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்கு உரியதுதான், இனிமேல் அவள் இருக்கிற வரைக்கும் அது அவளோடுதான் இருக்கும். ஸ்கேனுக்குச் சொல்ல அவர்கள் போனார்கள், நர்ஸும் பின்னாலேயே போனாள், அறையில் இவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். சென்னியப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார். முழங்கால் என்ற வார்த்தையை அவர் கேட்டதே இப்போதுதான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தெரிஞ்சே என்ற வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள், அதைக் கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, அந்த டிரைவருக்கு நேர்ந்த மௌனம் மட்டும் வேண்டாம் என்று இருந்தது. வெகுநேரம் கழித்து அவர் கையை நீட்டினார். “குடு.” கொடுத்தாள். மாலை வெயிலில் அவருடைய கால் அழகாக இருந்தது. “அழுத்திப் புடிச்சாத்தானுங் தெரியும்” என்றாள். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்ப்பேறிய கட்டைவிரலை அவர் படத்தின்மேல் வைத்தார். தன் உள்ளங்காலைப் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. அடுத்த படத்துக்குப் போனார், அழுத்தினார், அதற்கடுத்த படத்துக்குப் போனார், கடைசி வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“இதையா புள்ள நீ தெனமும் பாத்துட்டிருந்தே?”

“ம்” என்றாள் வசந்தாமணி. அவர் விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.